போனில் கத்தியது யார் என்பது பற்றி

இராஜபாளையம்,
22.9.1995, வெள்ளிக்கிழமை.

கோவில்பட்டியில் வசிக்கும் மரியாதைக்குரிய தங்கபாய் அக்கா அவர்களுக்கு, கூடப்பிறந்த தம்பி தனுஷ்கோடி பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடத்தில் நானும் என் வீடும் கொல்லையில் நிற்கும் முருங்கை மரமும் குறையில்லாமல் இருக்கிறோம். அதுபோலவே அவ்விடத்தில் தங்கள் முழங்காலும் அத்தான் அவர்களின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.

தாங்கள் சொல்லச் சொல்ல அத்தான் எழுதிய இன்லண்ட் கடிதம் கிடைத்தது. அதில் தாங்கள் சொன்னது எது, அத்தான் தாமாகச் சேர்த்துக்கொண்டது எது என்று பிரித்தறிய முடியவில்லை. ஆனாலும் "அறுபத்திரண்டு வயசுல அவனுக்கு விடியுமுன்ன எவகூடப் பேச்சு" என்ற வரி தாங்கள் சொன்னதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கட்டணம் குறைவு என்று விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டு பூத்தில் போய் நின்று எனக்கு எப்போது போன் போட்டாலும் எங்கேஜ்டு சத்தமே வருகிறது என்றும், ஒரே ஒரு நாள் லைன் கிடைத்தபோது நான் பேசாமல் யாரோ ஒரு பொம்பளை காது கிழியக் கத்தினாள் என்றும், தீப்பெட்டி வியாபாரமாக இங்கே வந்துபோன உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என் வீட்டு வாசலில் பொழுது விடியுமுன்பே ஆண்களும் ஒரு பெண்ணும் நுழைவதைக் கண்ணால் கண்டார் என்றும், என் வீட்டுக்காரி பரிபூரணம் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம்கூட நிறையாத நிலையில் இது அடுக்குமா என்றும், ஆகவே தாங்களும் அத்தானும் சுயம்புலிங்கம் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு நேரில் வந்து விசாரித்து, வீட்டை விலைபேசி, என்னைக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோய்த் தங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் வைத்துக்கொள்வதாக முடிவாகியிருக்கிறது என்றும் கண்டிருந்தது. அக்கா, அத்தனைக்கும் ஒரே பதில்தான். போனில் கத்தியது பெண் இல்லை. கம்ப்யூட்டர்.

இதற்குமேல் தாங்கள் என்று எழுதினால் விஷயத்தைச் சொல்ல வராது. நீ என்றே எழுதுகிறேன். அத்தான் வாசித்துக் காட்டும்போது தாங்கள் என்று மாற்றி வாசித்துக்கொள்ளட்டும்.

என் வீட்டு மாடியில் வைகுண்டராஜ் என்று ஒரு லெக்சரர் குடியிருந்தார். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். இங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் புதிதாக ஒரு இன்ஜினீயரிங் காலேஜ் வந்திருக்கிறதே, அதில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவர். இரண்டு வருஷமாக மாடியில் இருந்தும் வாடகை கொடுக்கும்போது மட்டும்தான் கீழே வருவார். போன சித்திரையில் ஒரு நாள், மாதக் கடைசியில், வாடகைக்குச் சம்பந்தமில்லாத தேதியில் இறங்கி வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஒரு ஒத்தாசை செய்யணும்."

"வாடகைதானே, பொறவு குடுங்க. எனக்கென்ன அவசரம்."

"அது இல்ல அண்ணாச்சி. உங்க போனு வேணும்."

"அந்தா இருக்கு, பேசிக்கிடுங்க."

"நான் பேசல. மெஷின் பேசும்."

பிறகு உட்காரவைத்து விவரமாகக் கேட்டேன். டெல்லியில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். தேசத்தில் இருக்கிற பெரிய படிப்பு நிறுவனங்கள், ஆராய்ச்சிக்கூடங்கள் எல்லாவற்றிலும் இருக்கிற கம்ப்யூட்டர்கள் போன் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இங்கே ஒருவர் டைப் அடித்தால் அது மெட்ராஸில் இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து பம்பாய்க்கோ, கனடாவுக்கோ, எங்கே போக வேண்டுமோ அங்கே போய்விடும். அந்த வலையில் நம்ம காலேஜும் சேர மனுப்போட்டு, அவர்களும் சரி, தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்கிறோம், ஒழுங்காகத் தகவல் போய்வருகிறதா என்று பார்த்துவிட்டு நிரந்தரமாக்குகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். மெஷினும் வந்து இறங்கிவிட்டது. அதற்கப்புறம்தான் காலேஜ் போனில் மெட்ராஸை நேராகக் கூப்பிட முடியாது என்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்திருக்கிறது. அது கிராமத்து எக்ஸ்சேஞ்ச் லைன். டிரங்க்கால் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மனுஷன் காத்திருப்பான், மெஷின் காத்திருக்காதாம். டவுனுக்குள் என் வீட்டுப் போனில் எஸ்டிடி உண்டு.

"ஏன் சார், மெயின் ரோட்டுல எம்புட்டு எஸ்டிடி பூத் இருக்கு, அங்க வச்சுப் பேசவிடலாம்லா" என்று கேட்டேன்.

"ஒரு நாள் வச்சுப் பாத்தோம் அண்ணாச்சி. அது கத்துன கத்துல கடைக்காரரு ஒயரைப் புடுங்கிட்டாரு. வெளிய நின்ன ஆளுங்க எல்லாம் அடுத்த பூத்துக்குப் போயிட்டாங்க."

நான் யோசிக்கிற மாதிரி செத்த நேரம் இருந்தேன். உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. அந்தப் போன் பேண்டேஜ் துணி வியாபாரத்துக்காக வாங்கியது. உனக்குத் தெரியும், ஒரு காலத்தில் அது அடித்துக்கொண்டே இருக்கும். கல்கத்தாவிலிருந்து ஆஸ்பத்திரிக்காரன் கூப்பிடுவான், நாக்பூரிலிருந்து ஏஜெண்டு கூப்பிடுவான், சோற்றுக் கையோடு எழுந்து ஓடினால் பரிபூரணம் ஏசுவாள். அவள் போனபிறகு தறியையும் கணக்கையும் பங்காளிக்கே விட்டுவிட்டு வந்துவிட்டேன். விற்காமல் மூட்டையாகக் கட்டிக் கிடந்த நாலைந்து பேல் பேண்டேஜ் துணியும் போனும் மட்டும் முன் அறையில் மிச்சம். அதற்கப்புறம் வந்ததெல்லாம் ராங் நம்பர். சினிமா தியேட்டர் ஒன்றின் நம்பருக்கும் நம்ம நம்பருக்கும் ஒரு எண்தான் வித்தியாசம். "என்ன படம் ஓடுது" என்று கேட்பார்கள். முதலில் ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிடுவேன். பிறகு பாவமாக இருந்தது. சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போகும்போது போஸ்டரைப் பார்த்துவைத்துக்கொண்டு, என்ன படம், எத்தனை மணி ஆட்டம் என்று சொல்ல ஆரம்பித்தேன். சிலபேர் படம் எப்படி இருக்கிறது என்றும் கேட்பார்கள். பரவாயில்லை, குடும்பத்தோடு வரலாம் என்பேன். இப்படிப்பட்ட போனை ஒரு காலேஜ் கேட்டால் நான் என்னவென்று மறுப்பது.

மெஷினை முன் அறையில் பேல்களுக்கு நடுவே ஒரு மேசை போட்டு வைத்தார்கள். அதற்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. மோடம் என்று பெயர். அதுதான் கத்துவது. கட்டணமும் குறைவு, லைனும் சுத்தமாக இருக்கும் என்று வைகுண்டராஜ் விடியற்காலையைத்தான் தேர்ந்தெடுத்தார். நீயும் கட்டணம் குறையும் நேரத்தில்தான் போன் பண்ணுகிறாய். நீயும் மெஷினும் ஒரே ராசி. முதலில் கூவென்று ஊளையிட்டு, பிறகு கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி பொரிந்து, அந்தப்பக்கம் மெட்ராஸ் மெஷினும் அதேபோலக் கத்தி, இரண்டும் ஒத்துப்போனால் சத்தம் நின்றுவிடும். ஒத்துப்போகாவிட்டால் முதலிலிருந்து கத்தும். லைன் பாதியில் அறுந்தால் திரும்பக் கூப்பிடும். அதனால்தான் உனக்கு லைனே கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பத்மாவதியம்மாவின் வெள்ளை நாய், அதுவும் இந்த ஊர் ஜாதிதான், மோடம் கத்த ஆரம்பித்ததும் கேட்டுக்குள் நின்று பதிலுக்கு ஊளையிடும். அந்த அம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏமண்டி தனுஷ்கோடி, மா குக்க தூங்கியே நாளாச்சு" என்று நாய்க்காகப் பரிந்து பேசினார்கள். தெலுங்கிலும் தமிழிலும் பாதிப்பாதியாக நான் மன்னிப்புக் கேட்டேன். நீ போன் போட்ட அன்று, வைகுண்டராஜ் ஊருக்குப் போகிற அவசரத்தில் மோடத்தை அணைக்காமல் போய்விட்டார். மணி அடித்ததும் அதுவே எடுத்து, நீயும் ஒரு மெஷின் என்று நினைத்துக்கொண்டு உன் காதில் கத்திவிட்டது. அதற்காக அதன் சார்பில் மன்னிப்பு.

போலீஸ் வந்த விஷயம் உன் காதுக்கு எட்டவில்லை போலிருக்கிறது. வேறு யாராவது சொல்லுமுன் நானே எழுதிவிடுகிறேன். ஒரு நாள் மெட்ராஸ் நம்பரைப் பதியும்போது வைகுண்டராஜ் ஒரு எண்ணை மாற்றிப் பதிந்துவிட்டார். மெஷின் ஒரு வாரமாக யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டுக்குப் போன் போட்டு, அவர் எடுத்ததும் கத்தியிருக்கிறது. அவர் புகார் எழுதிப்போட்டு, அதை விசாரிக்க ஏட்டு உக்கிரபாண்டி சைக்கிளில் வந்து இறங்கினார்.

"மெட்ராஸ்ல ஒரு பெரியவரு வீட்டுக்குத் தெனமும் போன் போட்டுக் கத்துதீகளாமே."

"நான் கத்தல ஏட்டையா. இந்தப் பெட்டி கத்துது."

"பெட்டி எதுக்குக் கத்துது?"

வைகுண்டராஜ்தான் பதில் சொன்னார். "ஹலோ சொல்லுது சார்."

ஏட்டு மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். "அதுக்கு அந்தப் பக்கம் என்ன சொல்லணும்?"

"அதுவும் கத்தணும் சார். ரெண்டும் கத்தினாத்தான் பேச்சு வார்த்தை ஆரம்பிக்கும்."

"எங்க வீட்டுல இதுக்கு மெஷினெல்லாம் வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டு ஏட்டு ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போனார். கேஸ் எதுவும் இல்லை. இதைச் சித்தப்பாவிடம் அழுத்திச் சொல்லவும்.

இனி, வாசலில் நுழைந்த ஆண்களும் பெண்ணும் பற்றி. அவர்கள் எல்லாரும் அந்தக் காலேஜ்க்காரர்கள். மெஷினில் யாருக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, காலேஜ் பஸ் வரும்வரை முன் அறையில் பேல்கள்மேல் உட்கார்ந்திருப்பார்கள். ராஜரத்தினம் என்று ஒரு கணக்கு வாத்தியார், எதுவும் வராத நாளிலும் வருவார். பெண் என்று சொன்னது ஞானபாக்கியம். காலேஜ் லைப்ரரியில் இருக்கிறவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார்கள். அவர்களுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் குறைவு, மூட்டுவலித் தைலம் வாசனை வரும், எந்தப் பத்திரிகை எந்த ஊர் லைப்ரரியில் இருக்கிறது என்று மெஷினில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வேறு ஒன்றுமில்லை. நான் டீ போட்டுக் கொடுப்பேன். முதலில் வைகுண்டராஜுக்கு மட்டும் போட்டேன், பிறகு பெரிய பாத்திரத்தை எடுக்க வேண்டியதாயிற்று. பரிபூரணம் இருந்த காலத்தில்கூட இவ்வளவு பால் வாங்கியதில்லை. யார் டீயில் சர்க்கரை வேண்டாம், யார் ஆறவைத்துக் குடிப்பார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ராஜரத்தினம் கனடாவில் இருக்கிற ஒரு கணக்குக்காரருக்கு ஏதோ நிரூபணம் எழுதி அனுப்பிவிட்டு வாரக்கணக்காகக் காத்திருந்தார். ஒரு நாள் மெஷின் திரையில் பச்சை எழுத்தில் பதில் வந்தது. அவர் ஒரு தடவை வாசித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தார்.

"என்ன சார் சொல்லுதாரு?" என்றேன்.

"ரெண்டாம் பக்கத்துல தப்பு இருக்குன்னு சொல்லுதான் அண்ணாச்சி."

"ஐயையோ."

"இல்லை அண்ணாச்சி. ரெண்டாம் பக்கம் வரைக்கும் படிச்சிருக்கான்ல" என்றார். அன்றைக்கு அவர் இன்னொரு டீ கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்குக் கணக்கு தெரியாது. அவர் சந்தோஷம் மட்டும் நன்றாகப் புரிந்தது.

அவரும் வைகுண்டராஜும் ஒரு நாள், "அண்ணாச்சி, உங்க போனுல நாங்க எங்கெங்கேயோ பேசுதோம், நீங்களும் யாருக்காவது ஒரு சேதி அனுப்புங்க" என்று சொன்னார்கள். எனக்கு நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். கோவில்பட்டிக்குப் போகுமா என்று கேட்டேன். கோவில்பட்டியில் எந்த நிறுவனமாவது இதில் சேர்ந்திருந்தால் போகும் என்றார்கள். எங்க அக்கா நிறுவனம் இல்லையே என்றேன். அப்படியானால் போகாதாம். இது காலேஜ்களும் ஆராய்ச்சிக்கூடங்களும் சேருகிற வலை, தனி ஆளுக்குக் கிடையாது என்று வைகுண்டராஜ் பக்குவமாக எடுத்துச் சொன்னார். சரி என்று பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

இந்த நிலையில்தான் ஆடியில் டெல்லியிலிருந்து தபால் வந்தது. நிரந்தரமாகச் சேர்ப்பதற்கு முன்னால் உங்கள் கம்ப்யூட்டர் மையத்தைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்று. காலேஜ்க்காரர்கள் மனுவில், மெஷின் காலேஜ் வளாகத்துக்குள் குளுகுளு அறையில் இருப்பதாக எழுதிவிட்டார்களாம். பிரின்சிபால் காரில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தால் வீட்டில் ஏதோ கெட்டது நடந்தவர் மாதிரி இருந்தது. இது கைவிட்டுப் போனால் மேனேஜ்மெண்ட் முதலில் வைகுண்டராஜைத்தான் வீட்டுக்கு அனுப்பும் என்று சொன்னார். என்ன செய்யவேண்டுமோ செய்யுங்கள் என்றேன். மறுநாளே என் கேட்டில் காலேஜ் பெயர் போட்டு, "கணினி மையம், நகரக் கிளை" என்று ஒரு போர்டு தொங்கியது. என்னை அந்தக் கிளையின் பொறுப்பாளர் என்று சொல்வதாக ஏற்பாடு. பேண்ட் போட முடியுமா என்று கேட்டார்கள். அறுபத்திரண்டு வருஷமாக வேட்டி கட்டுகிறவன் ஒரு நாளைக்குப் பேண்ட் போட்டால் நடக்கவே வராது என்று சொல்லிவிட்டேன். முழுக்கைச் சட்டை போதும் என்று முடிவாயிற்று.

வந்த அதிகாரி பெயர் இருளப்பசாமி. டெல்லிக்காரர் என்றால் இந்தியில் பேசுவார் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். அவர் பிறந்தது அருப்புக்கோட்டைப் பக்கமாம். காரை விட்டு இறங்கினதும், "வெயிலு நம்மூரு வெயிலுதான்" என்றார். முன் அறைக்குள் வந்து மெஷினைப் பார்த்தார், அதைச் சுற்றி அடுக்கியிருந்த பேல்களைப் பார்த்தார்.

"இது என்ன, பேண்டேஜ் துணியா? கம்ப்யூட்டருக்கு அடிபட்டாக் கட்டுததுக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. பிரின்சிபால் துடைத்துக்கொண்டே இருந்தார், முகத்தை. அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன டெசிக்னேஷன்?"

அக்கா, பொறுப்பாளர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனால் அவர் நம்ம ஊர்ப் பேச்சில் கேட்டுவிட்டதால் வாய் அதுபாட்டுக்கு உண்மையைச் சொல்லிவிட்டது.

"வீட்டுக்காரன்."

"எந்த வீட்டுக்கு?"

"இந்த வீட்டுக்குத்தான் சார்."

பிரின்சிபால் கண்ணை மூடிக்கொண்டார். வைகுண்டராஜ் சுவரில் சாய்ந்துவிட்டார். அதிகாரி மட்டும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப போனும் உங்க போனுதான்."

"ஆமா சார். காலேஜ் லைன்ல எஸ்டிடி கிடையாது. இவுக கேட்டாக, நான் குடுத்தேன். இப்பல்லாம் ஒரு நாளும் வேலை நிக்கல சார். தெனமும் ஒழுங்காப் போகுது, வருது. பிள்ளைகள்லாம் நல்லபடியா நடத்துதாக."

"சரி, உங்களுக்கு வார போனெல்லாம் என்ன ஆச்சு? இடைஞ்சலா இல்லையா?"

"எனக்கு யாரும் போன் பண்றதில்ல சார்."

காலேஜுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்றுதான் அதைச் சொன்னேன். வேறு ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்னபிறகு பிரின்சிபால் முகம் துடைப்பதை நிறுத்திவிட்டார். ராஜரத்தினம் தரையைப் பார்த்தார். ஞானபாக்கியம் எழுந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள், அதில் டீ மிச்சம் இருந்தது. அதிகாரி நாற்காலியை மெஷின் பக்கம் நகர்த்திக்கொண்டு, "மெஷினைப் போடுங்க" என்றார். அன்றைக்கென்று முதல் தடவையிலேயே மெட்ராஸ் கிடைத்தது. பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது. அதிகாரி, "இதுவும் உங்க சிஸ்டத்துல சேர்த்திதானா" என்று கேட்டார். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள், தேவைக்கு அதிகமாகவே சிரித்தார்கள்.

அவர் ஒரு பொய்யையும் பெரிதுபடுத்தவில்லை. வேலை நடக்கிறது, அது போதும், நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார். கூடவே, இந்தக் காலேஜுக்கு உடனடியாக நேரடி லைன் வேண்டும், ஒரு தனி மனிதரின் வீட்டுப் போனில் இதை நடத்துவது முறையில்லை என்று டெலிபோன் இலாகாவுக்கும் ஒரு கடிதம் எழுதிவிட்டுப் போனார். வருஷக்கணக்காக வராத லைன் ஆவணியிலேயே வந்துவிட்டது. நான் மட்டும் அன்றைக்குப் பொறுப்பாளர் என்று சொல்லியிருந்தால் மெஷின் இன்னும் இங்கேயேதான் இருந்திருக்கும். வைகுண்டராஜுக்கு வேலை நிலைத்தது, சம்பளமும் கூடியது, லைன் பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும் என்று காலேஜுக்குள்ளேயே குவார்ட்டர்ஸும் கொடுத்துவிட்டார்கள். நல்ல காரியம்தானே. நானே பேலைப் பிரித்துப் பேண்டேஜ் துணியால் மெஷினைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். காலேஜ் பஸ்ஸில் ஜன்னலோரம் அதை உட்காரவைத்து, விழாமல் கையால் அணைத்துக்கொண்டு அவர் போனார். "அடிக்கடி வாரேன் அண்ணாச்சி" என்றார். வருவார். வேலை கூடிவிட்டது, அவரைக் குறை சொல்லக்கூடாது.

வலையில் சேர்ந்ததற்குக் காலேஜில் விழா வைத்தார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. பிரின்சிபால் எல்லாருக்கும் நன்றி சொன்னார். டெலிபோன் இலாகா, பந்தல்காரர், மைக்செட்காரர் வரைக்கும் சொன்னார். என் பெயர் வரும்போது மைக் வேலை செய்யவில்லை என்று வைகுண்டராஜ் பிறகு சொன்னார். உதடு அசைந்ததை நானும் பார்த்தேன். எந்தப் பெயருக்கும் உதடு அசையத்தான் செய்யும். பால்கோவா கொடுத்தார்கள், நன்றாக இருந்தது.

இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. விடியுமுன் விழிப்பு வந்துவிடுகிறது, அது ஒன்றுதான் தொந்தரவு. எழுந்த கையோடு பெரிய பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, பிறகு எடுத்து உள்ளே வைக்கிறேன். பத்மாவதியம்மாவின் நாய் கேட்டருகில் வந்து நின்று, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போகிறது. போன வாரம் ஒரு நாள் சும்மா இருக்கமாட்டாமல் அந்த மெட்ராஸ் நம்பரை நானே சுற்றினேன். அங்கே இருக்கிற மெஷின் எடுத்தது. எடுத்து, என் காதுக்குள் கூவென்று கத்தியது. இந்தப் பக்கமும் ஒரு மெஷின் கத்தும் என்று அது நினைத்திருக்கும். நான் பேசாமல் கேட்டுக்கொண்டே நின்றேன். செத்த நேரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதில் வராததால் அதுவே வைத்துவிட்டது. ஒரே ஒரு தடவைதான் அப்படிச் செய்தேன். நேற்று செய்தது கணக்கில்லை, நேற்று லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் சுற்றினேன்.

உன் கடிதம் வந்தபோது முதலில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. பிறகு இன்னொரு தடவை வாசித்தேன். சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும் என் போன் எங்கேஜ்டாக இருந்தது அக்கா. அது எங்கேஜ்டாக இருக்கிறது என்று கண்டுபிடித்தது நீ ஒருத்திதான். முழங்கால் வலியோடு இருட்டில் பூத்துக்கு நடந்துபோய், கிடைக்காமல் திரும்பி வந்து, மறுபடியும் போயிருக்கிறாய். அதற்கு நான் என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீண்டுவிட்டது.

ஆகவே முடிவாகச் சொல்லிக்கொள்வது என்னவென்றால், இங்கே விசாரிக்க ஒன்றுமில்லை. நீயோ அத்தானோ சித்தப்பாவோ மெனக்கெட்டு வர வேண்டியதில்லை. வீட்டை விற்கிற பேச்சும் வேண்டாம், பின்கட்டு அறையில் எப்போதும்போல நெல்லையே போட்டுவைக்கவும். எனக்கு ஒரு குறையும் இல்லை, தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது. போன் இப்போது எந்நேரமும் சும்மாதான் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

அத்தான் அவர்களுக்கு என் வணக்கம். அவிய கையெழுத்து வர வர அழகாக இருக்கிறது என்று சொல்லவும், எழுதிய விஷயம் எப்படி இருந்தாலும். வீட்டில் சின்னவர் பெரியவர் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், வாசலில் ஆள் நடமாட்டத்தோடு, நிறைந்து வாழ வேண்டும் என்று நம் குலசாமியைக் கும்பிட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி,
தனுஷ்கோடி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒட்டித் தபாலில் போடக் கிளம்பும்போது வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றதால் பிரித்து மறுபடியும் எழுதுகிறேன். இறங்கியது ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. வேறு யாரும் சொல்லி உனக்குத் தெரியவரக் கூடாது என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். பெயர் கருத்தம்மாள். வ. புதுப்பட்டி ஊர்க்காரர் மகள். செண்பகத்தோப்புக் காட்டில் தங்கி அங்கே இருக்கிற பெரிய அணில்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறது. வானுயர்ந்த மரத்தில் பூனை அளவு அணில் என்று கையை விரித்துக் காட்டியது. அதன் ஆராய்ச்சிக்கூடமும் இந்த வலையில் சேர்ந்திருக்கிறதாம். காட்டில் போன் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்ட இடத்தில் எல்லாம் அந்தச் சத்தத்துக்குப் பயப்படுகிறார்களாம். வைகுண்டராஜ்தான் என் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார். அது பாதி சொல்லும்போதே நான் சரி என்றுவிட்டேன். மெஷின் ஜீப்பிலேயே இருந்தது, இறக்கியாகிவிட்டது.

அந்தப் பிள்ளை போகும்போது, "பெரியப்பா, உங்களுக்கு யாரும் போன் பண்ணுனா இடைஞ்சலா இருக்குமே" என்று கேட்டது.

"எங்க அக்கா பண்ணுவா" என்றேன். "கோவில்பட்டியில இருந்து, விடியக்காலம். அவ கூப்பிட்டா மட்டும் நீ மெஷினை நிறுத்திரணும்."

அது கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெஷின் பேசிக்கிட்டு இருக்கும்போது அவுக கூப்பிடுதது நமக்கு எப்படிப் பெரியப்பா தெரியும்?" என்றது. படித்த பிள்ளை, சரியாகத்தான் கேட்டது.

ஆகவே அக்கா, போன் பண்ண வேண்டாம். வா. மாடி காலியாகத்தான் இருக்கிறது, உனக்குப் படி ஏற முடியாது என்பதால் நான் மாடிக்குப் போய்க்கொள்கிறேன்.